தலைவர் நாற்காலியும் கல்லறைத் தோட்டமும்

கேள்வி

ஐயா, நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மலையாளி என்ற பழங்குடிச் சமூகம். மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கிறது. தாத்தா காலத்திலேயே குடும்பம் வேதத்துக்கு வந்துவிட்டது, கத்தோலிக்கர்கள். மகளிர் குழுவில் 12 வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். அடுத்த ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி, ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டரே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார். எனக்கும் ஆசைதான், ஆனால் குழப்பமாக இருக்கிறது. பண்டிகையில் தலைவர் மாலை வாங்கி, தேங்காய் உடைத்து, முன்னால் நிற்க வேண்டும். நான் என்ன செய்வது? ஜெபவீட்டுக்குப் போகும் என் கொழுந்தனார் "அரசியல் உலகக் காரியம், விசுவாசிக்கு ஆகாது" என்கிறார். எங்கள் பங்குப் பேரவைப் (சர்ச் நிர்வாகக் குழு) பெரியவர்களோ "நில்லும்மா, பூசை முடிந்து அறிவிப்பில் ஃபாதரையே சொல்லச் சொல்கிறோம். ஜெயித்ததும் கல்லறைத் தோட்டத்தைப் பெரிதாக்கிச் சுவர் கட்டிக் கொடுத்துவிடு" என்கிறார்கள். கூட்டத்தைச் சின்ன ஜெபத்தோடு தொடங்கலாமா? கிறிஸ்தவர் என்பதால் என் எஸ்.டி. சான்றிதழுக்குச் சிக்கல் வருமா?

பெயர் வேண்டாம், ஏற்காடு வட்டம்.

பதில்

சகோதரி, பண்டிகையைப் பற்றி முழுசாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன்). கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒன்றரை வரி. அளவு மாறிப்போயிருக்கிறது. பண்டிகை உங்களைக் கவிழ்க்காது, அந்த ஒன்றரை வரி கவிழ்த்துவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்தில் மலையடிவார ஒன்றியங்களில் வேலை பார்த்து, பி.டி.ஓ.வாக (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் கடைசி பெஞ்சுக்காரன். ஊராட்சித் தேர்தலை நடத்தியும் இருக்கிறேன், சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் இருக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் பண்டிகை, அது சுலபம்.

உங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையானாலும் சரி, மே மாதம் சேர்வராயன் கோயிலில் மலையே கூடுகிற பண்டிகையானாலும் சரி, அங்கே ஊராட்சிக்கு வேலை நிறைய. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மறுநாள் குப்பை அள்ள வேண்டும், பெண்கள் ஒதுங்க மறைவான இடம் வேண்டும், கடைசி பஸ் போனபின் நிற்கிற கூட்டத்துக்கு வழி செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்துவிட்டு நீங்கள் அங்கே நின்றால் யாரும் உங்கள் நெற்றியைப் பார்க்க மாட்டார்கள். தட்டை நீட்டும்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை போட்டால் குனிந்து கொடுங்கள். அந்த மரியாதை ஊர் தன் நாற்காலிக்குச் செய்வது. தேங்காயை நீங்களே உடைப்பதா, பக்கத்தில் நிற்கும் துணைத் தலைவர் கையில் கொடுப்பதா என்பது உங்கள் மனசாட்சி, அதில் நான் தலையிட மாட்டேன். ஊர்க்கவுண்டரிடம் மட்டும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். "கவுண்டரே, நான் வந்து நிற்கிறேன், எல்லா வேலையும் பார்க்கிறேன், இந்த ஒன்றை மட்டும் இன்னார் செய்யட்டும்" என்றால் அவருக்குப் புரியும். கூட்டத்துக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால்தான் புண்படும்.

பைபிளில் நாமான் கதை தெரியுமல்லவா? எங்கள் பழைய பைபிளில் 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம், உங்கள் பைபிளில் அரசர்கள் இரண்டாம் நூல். சிரியா தேசத்துத் தளபதி. குஷ்டம் நீங்கி, இனி உன் தேவனைத்தான் கும்பிடுவேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். சொன்ன கையோடு ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையில்தான் சாய்ந்துகொண்டு போவார், அங்கே நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்கிறான். எலிசா அதற்குப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சமாதானத்தோடு போ என்று அனுப்பிவிடுகிறார். அரசாங்க வேலையில் இருந்த வருஷங்களில் அந்த இரண்டு வசனம் எனக்குப் பல ஆயுத பூஜைகளைத் தாண்ட உதவியது.

இனி அந்த ஒன்றரை வரிக்கு வருகிறேன்.

நீங்கள் தலைவரானால் கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரி நீங்கள்தான். புதிதாக ஓர் இடுகாடு திறக்கவோ, இருப்பதைப் பக்கத்து நிலத்துக்கு நீட்டவோ வேண்டுமென்றால் ஊராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். 1999-ஆம் வருஷத்து இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, குடியிருப்புக்கோ குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கோ 90 மீட்டருக்குள் புதிதாக அடக்கம் செய்யக்கூடாது. சமவெளியில் 90 மீட்டர் பெரிய விஷயமில்லை. மலையில் அப்படியா? உங்கள் பக்கத்தில் பல ஊருக்குக் குடிதண்ணீரே ஊற்றும் திறந்த கிணறும்தான். மேட்டில் குழி தோண்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று காப்பித் தோட்டக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, நிலைமை இதுதான். உங்கள் பங்கு விண்ணப்பம் போடும். அந்த விண்ணப்பம் உங்கள் மேஜைக்கே வரும். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் தாத்தா இருக்கிறார். அதன் கீழ்ப்பக்கம் தண்ணீர் எடுக்கிறவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். நீங்கள் நேர்மையாகவே கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கையெழுத்தை ஊர் வேறு மாதிரிதான் படிக்கும்.

இப்படி விண்ணப்பம் வந்தால் நான் செய்யச் சொல்வது இது. அந்தப் பொருளை எடுக்கும்போது "இதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்துவிட்டு, துணைத் தலைவரை நடத்தச் சொல்லுங்கள். ஊராட்சி செயலரை டேப் எடுத்து அளக்கச் சொல்லுங்கள், ஊற்றிலிருந்து, வீட்டுச் சுவரிலிருந்து, நாலு பேர் பார்க்க. 90-க்கு 84 வந்தால் 84 என்றே எழுதட்டும். பேரவைப் பெரியவர்கள் கோபப்படுவார்கள், படட்டும். அடுத்த தடவை இன்னொருவர் மேட்டு நிலத்தில் எதையோ கட்டத் தண்ணீருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வரும்போது உங்களால் இல்லை என்று சொல்ல முடியும்.

சுவர் கதை வேறு. அடக்கஸ்தலத்துக்குச் சுற்றுச்சுவர், பாதை அமைக்கச் சிறுபான்மையினர் நலத் துறையில் அரசு நிதி உண்டு. சேலம் கலெக்டர் ஆபீசில் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டியது பங்கின் வேலை. அதற்கு நீங்கள் தலைவராக வேண்டிய அவசியமே இல்லை, பெரியவர்கள் நாளைக்கே போகலாம். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். இத்தனை வருஷமாக ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும், அப்போது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கோயில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) கட்டும் அனுமதியும் இப்படித்தான். வழிபாட்டு இடத்துக்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும், தலைவர் நினைத்தால் கொடுத்துவிடக்கூடிய சமாச்சாரம் இல்லை. கோயில் கட்டடத்துக்கு வீட்டு வரி விலக்கு உண்டு, ஆனால் வளாகத்தில் வாடகைக்கு விட்ட கடை இருந்தால் அதற்கு வரி கட்டியாக வேண்டும். இதையும் யாராவது உங்களிடம் "பார்த்துக்கோம்மா" என்பார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் கசக்கும். தமிழ்நாட்டில் பல பங்குகளில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி பார்த்து யாருக்கு எந்த மூலை என்று கோடு உண்டு. உங்கள் பங்கில் எஸ்டேட் லைன் வீட்டுத் தொழிலாளர்களை எங்கே புதைக்கிறார்கள்? தோட்டத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது இடம் போதாமலா, கோடு அழியாமல் இருக்கவா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நேர்மையானவர் எப்படிச் சறுக்குவார் என்பதற்கு ஒரு காட்சி. ஊர் பேர் வேண்டாம். அந்த ஊராட்சித் தலைவர் எங்கள் சபைக்காரர். ஒரு ரூபாய் தொடாத மனுஷன். காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். தெருவிளக்குக்குப் பணம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரை வரிசையாக விளக்குப் போட்டார். கீழே ஓடையைத் தாண்டி ஒரு காலனி, 40 வீடு இருக்கும், அங்கே பழைய பல்ப் இரண்டும் பியூஸ். ஜனவரி 26 கிராம சபை. காலை 11 மணி, நல்ல வெயில். ஒரு பெரியவர் மண்ணெண்ணெய் லாந்தரை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் கரி. வருகைப் பதிவேடு இருந்த மேஜையில் அதை வைத்துவிட்டு, கைநாட்டு வைத்துவிட்டு, தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளிச்சத்தில் அந்தத் திரி எரிவதே தெரியவில்லை, மேலே சூடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன்.

அவர் மோசடி செய்யவில்லை. அவர் நடக்கிற தெருவில் போட்டார், அவ்வளவுதான். விசுவாசம் அவர் கையைச் சுத்தமாக வைத்திருந்தது, காலை மட்டும் ஒரே தெருவில் நடக்க வைத்துவிட்டது. நீங்கள் ஜெயித்தால் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் உங்களுக்கு வேலையே இல்லாத பக்கம் நடந்து போய்விட்டு வாருங்கள். மலையில் அது சிரமம், ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று தோட்டமும் ஒரு பள்ளமும் இருக்கும். இருந்தாலும் போங்கள்.

அடுத்தது, பூசை முடிந்து அறிவிப்பில் சொல்லும் விவகாரம். இதற்குப் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். 1988-ல் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க ஒரு மத்திய சட்டம் வந்தது. வழிபாட்டு இடத்தையோ அதன் பணத்தையோ, அது நடத்தும் திருவிழா, பவனி, கூட்டத்தையோ அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. மீறினால் 5 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, நிர்வாகி என்ற முறையில் ஃபாதரும்தான். தேர்தல் நடத்தை விதியும் கோயில், மசூதி, சர்ச் எதிலும் பிரசாரம் கூடாது என்கிறது. உங்கள் திருச்சபைச் சட்டமே இதில் கறார். குருக்கள் அரசு அதிகாரப் பதவி ஏற்கக்கூடாது என்று 285-ஆம் விதி சொல்கிறது. பொதுநிலையினருக்கு அரசியலில் சுதந்திரம் உண்டு, ஆனால் தன் சொந்த அபிப்பிராயத்தைத் திருச்சபையின் போதனை மாதிரி காட்டக்கூடாது என்பது 227. பேரவைப் பெரியவர்கள் சட்டம் பேசினால் நீங்களும் இந்த இரண்டு எண்ணையும் பேசலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். நீங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவர். ஏற்காடு என்றதும் கீழே சேலத்துக்காரர்களுக்கு 1894-ல் வந்த சேக்ரட் ஹார்ட் கான்வென்டும் 1917-ல் வந்த மாண்ட்போர்ட் பள்ளியும்தான் கண்ணில் நிற்கும், மலையே கிறிஸ்தவ ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். நாகலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் நம் ஆட்கள் எத்தனை வீடு? அந்த வீடுகள் உங்களுக்கு எப்படியும் போடும். ஊர்க்கவுண்டர் உங்களைக் கேட்டு வந்தது நீங்கள் பூசைக்குப் போவதால் இல்லை. 12 வருஷம் குழுக் கணக்கில் பத்துப் பைசா இடறவில்லை என்பதால் வந்தார். பங்காளி, மாமன் மச்சான் என்று ஓடுகிற ஊர் ஓட்டில் அது பெரிய விஷயம். கோயில் மேடையிலிருந்து உங்கள் பெயரைச் சொன்ன நிமிஷம் நீங்கள் ஊர் வேட்பாளர் இல்லை, பங்கு வேட்பாளர். கிராம ஊராட்சித் தேர்தலுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. கட்சி கூட இல்லாத இடத்தில் கோயிலைக் கட்சியாக்கிவிடாதீர்கள்.

நிதானமாகச் சொன்னால் ஃபாதரே ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் இந்த மாதிரி யோசனையெல்லாம் சாமியார்களிடமிருந்து வருவது குறைவு, கமிட்டிக்காரர்களிடமிருந்துதான் வரும்.

கூட்டத்தில் ஜெபம். வெளிநாட்டில் இது பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிடிஃபோர்ட் என்ற சிற்றூர் கவுன்சிலில், கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஜெபத்தைச் சேர்க்கக் கவுன்சிலுக்குச் சட்டப்படி அதிகாரமில்லை என்று 2012-ல் ஐகோர்ட் சொன்னது. 2015-ல் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து கிரீஸ் என்ற ஊரில் 2014-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெபம் தப்பித்தது. அவர்கள் சர்ச் வரலாறு வேறு, அவர்கள் தலைவலி வேறு. நமக்கு அந்தப் பஞ்சாயத்தே தேவையில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குங்கள், தேசிய கீதத்தோடு முடியுங்கள். ஜெபம் வேண்டுமென்றால் வீட்டில் செருப்பு மாட்டுவதற்கு முன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பதவி ஏற்பு உறுதிமொழியில் கடவுள் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார என்றும் சொல்லலாம். உங்கள் கடவுளை வாய்விட்டுச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

இன்னொரு வலை மழைக்காலத்தில் வரும். ஊரிலேயே நல்ல கூரையுள்ள ஹால் பங்கு ஹால்தான், கிராம சபையை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக்கூடாது என்று அறிவிப்பிலேயே வரும். பள்ளிக்கூட வராந்தாவில் நெருக்கி உட்காருங்கள், இல்லாவிட்டால் தார்ப்பாய் கட்டுங்கள்.

கிராம சபை நாட்களைப் பற்றி ஒரு வேடிக்கை. 2022 முதல் வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் காலண்டரை எடுத்துப் பாருங்கள். மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர், ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு, நவம்பர் 1 சகல புனிதர்கள். மூன்றில் உங்களுக்குப் பூசையும் இருக்கும், கிராம சபையும் இருக்கும். 11 மணிக் கூட்டத்துக்கு நீங்கள் 10 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். காலை முதல் பூசைக்குப் போய்விடுங்கள். ஆகஸ்ட் 15-ல் கொடியேற்றமும் சேரும், அன்றைக்குச் சமையலைக் கொழுந்தனார் வீட்டில் ஒப்படைத்துவிடுங்கள்.

கொழுந்தனார் என்றதும் அவர் கேள்வி ஞாபகம் வருகிறது. அரசியல் உலகக் காரியம் என்கிறாரா? நெகேமியா 3-ஆம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யார் யார் எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை, யார் தன் வீட்டுக்கு எதிரே, எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று பெயர் பெயராகப் போகும். எங்கள் ஒன்றியத்தில் வேலையை அளந்து எழுதும் எம்-புக் மாதிரியே இருக்கும். எருசலேம் சுவர் 52 நாளில் முடிந்தது. நெகேமியா 12 வருஷம் ஆளுநராக இருந்தும் அந்தப் பதவிக்குரிய படியை வாங்கவில்லை என்று 5-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். சுவர், சாக்கடை, கணக்கு எல்லாம் வேதத்தில் உண்டு. அவருக்கு உண்மையான பயம் வேறாக இருக்கலாம், தேர்தல் செலவுக்கு அண்ணன் நிலத்தை அடகு வைத்துவிடுவார் என்று. அப்படியானால் அது நியாயமான பயம், அதை வேதாகமம் இல்லாமலே உட்கார்ந்து பேசுங்கள்.

பக்தியுள்ளவர் உள்ளாட்சி நாற்காலியில் உட்காருவது சேலத்துக்குப் புதிதுமில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அவர் பக்தியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. தாழ்த்தப்பட்டவர் ஒருவர் முதன்முதலாக அந்த நகராட்சிக்குள் உறுப்பினராக வந்தது அவர் முயற்சியில்தான்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை 1949 மே மாதம் கைவிட்டார்கள். அந்தச் சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னை மாகாணத்திலிருந்து போன ஜெரோம் டிசூசா ஓர் இயேசு சபைக் குரு. தனி இடம் வேண்டாம், எல்லாரோடும் சேர்ந்து நிற்கிறோம் என்பதுதான் அவர்கள் எடுத்த பக்கம். ஆகவே கிறிஸ்தவர் என்பதற்காக உங்களுக்கு இடம் ஒதுக்கி யாரும் வைத்திருக்கவில்லை. ஊர் ஓட்டில்தான் வர வேண்டும். அது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஜெயித்த மறுநாளிலிருந்து உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கான்வென்ட் சீட்டுக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் பில் குறைக்கவும்தான் வருவார்கள். "உங்க ஆளுங்கதானே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். முதல் ஆளுக்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஆளுக்குச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

கடைசியாகச் சான்றிதழ். இதில் அவசரம் இருக்கிறது.

எஸ்.சி.க்கும் எஸ்.டி.க்கும் சட்டம் ஒன்றில்லை. 1950-ஆம் வருஷத்து எஸ்.சி. ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் தவிர வேறு யாரையும் எஸ்.சி.யாகக் கருத முடியாது என்கிறது. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்ந்தார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை வெளியேதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச், சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொள்வதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. எஸ்.டி. ஆணையில் அப்படி ஒரு பத்தி கிடையாது. சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள், மதம் கேட்கப்படுவதில்லை. அதே பூசையில் உங்கள் பெஞ்சில் உட்காருகிற எஸ்டேட் குடும்பத்துப் பெண்ணுக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டு இடத்தில் நிற்க வழியில்லை, உங்களுக்கு எஸ்.டி. இடத்தில் உண்டு. இது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் பட்டதில்லை, ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படி. அந்தப் பெண் ஒதுக்கீடு இல்லாத பொது இடத்தில் நிற்கலாம் என்பதையாவது யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா?

உங்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மதம் மாறியதாலேயே பழங்குடி நிலை போய்விடாது, ஆனால் அந்தச் சமூகத்தின் வழக்கங்களோடு ஒட்டு உறவு அறுந்துபோனதா என்று கேள்வி எழுந்தால் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2004-ல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர் வேட்பாளர் இதைத்தான் கிளப்புவார். கிளப்பட்டும். கல்யாணம், இழவு, பங்காளி முறை எல்லாம் நீங்கள் ஊரோடுதானே? ஊர்க்கவுண்டர் உங்கள் வீட்டுக்கு வந்து "நில்லம்மா" என்றாரே, அதைவிடப் பெரிய சாட்சி கோர்ட்டுக்கும் கிடைக்காது.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. இப்படி இடைவெளி விழுந்து தேர்தல் வரும்போது அறிவிப்புக்கும் வேட்புமனுவுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. உங்கள் ஊராட்சி எஸ்.டி. பெண்ணுக்கா, பொதுவா என்பதும் அரசிதழில் வந்தபிறகுதான் தெரியும். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான். அப்பாவின் பழைய சான்று, தாத்தா பெயரில் நிலப் பட்டா, உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள், ஞானஸ்நானப் பெயர் ஒன்றிலும் வீட்டுப் பெயர் இன்னொன்றிலும் இருக்கும், எங்கள் ஆட்களுக்கு இது வாடிக்கை. காப்பிப் பறிப்பு தொடங்குவதற்கு முன் சேலத்துக்கு இறங்கிப் போய்விட்டு வந்துவிடுங்கள். பறிப்பு தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரமிருக்காது, கூட வர ஆளும் கிடைக்காது.